ஆமணக்கு மெத்தை

விளக்கெண்ணெய் என்றால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்; எனக்கு அந்த வாசனை பிடிக்கும், ஐயா. வீட்டில் என்னையே விளக்கெண்ணெய் என்றுதான் திட்டுவார்கள். அதிலிருந்துதான் மெத்தைக்கான நுரைப்பஞ்சு செய்தேன். உறைமேல் பச்சை இலைப் படம் போட்டு விற்றேன். பொய் இல்லை, பாதிக்குமேல் செடிதான்.

மீதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எண்ணெய் தானாக நுரைக்காது. ஐசோசயனேட் என்ற பழுப்புத் திரவத்தைச் சேர்க்க வேண்டும். அது பெட்ரோலியச் சரக்கு. சிலருக்கு அது ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் ஆவி பட்டாலே மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். ஆட்களுக்கு இதை நானே பாடமாக எடுத்திருக்கிறேன்.

கலவை இயந்திரத்தில் நின்றவன் என் தங்கையின் கணவன். ஆமணக்கெண்ணெய் ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு குணம். ஈரம் கொஞ்சம் கூடினாலும் பொங்கிய நுரைக்கட்டி பிளந்துவிடும். அவன் முதலில் ஒரு காகிதக் கோப்பையில் கலந்து, பொங்குகிற விதத்தைப் பார்த்தே அளவைத் திருத்துவான். அந்தக் கண் எனக்கு இல்லை. அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைப்பானேன்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு இழுப்பு வந்தது. ஆட்களின் ஆண்டு மருத்துவப் பரிசோதனை முடிவுகள் ஆபீசுக்குத்தான் வரும். இந்த ஆள் இனி கலவைக் கூடத்துக்குள்ளேயே போகக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். இரண்டு முறை படித்துவிட்டு மேஜைக்குள் வைத்தேன். அவனிடம் தூசி என்றேன்.

தங்கைக்குச் சந்தேகம். "அண்ணா, படுத்தா அவருக்கு இழுத்துக்கிட்டே இருக்கு. உங்க பட்டறை மருந்துதான் ஒத்துக்கலையோ?"

"போடி இவளே. விளக்கெண்ணெய்ல யாராவது செத்திருக்காங்களா?"

சிரித்துவிட்டாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

பிறகு வெளியூர் வியாபாரிகள் படம் பிடிக்க வந்தார்கள். செடி மெத்தை செய்கிறவன் முகத்தில், வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் மாஸ்க் தொங்கினால் யார் வாங்குவார்கள்? கழற்றச் சொன்னேன்.

"மச்சான், நெஞ்சு அடைக்குது. இன்னிக்கு மட்டும் வேற ஆள நிக்க வைங்களேன்."

"உங்க கை பட்டாத்தான் மாப்ள அது ஒழுங்கா பொங்கும். அஞ்சே நிமிஷம். என் மானத்த வாங்காதீங்க."

கழற்றிவிட்டான். வியாபாரிகளும் நானும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

பொங்கி முடித்த நுரைப்பஞ்சு உச்சத்தில் ஒரு பெருமூச்சு விட்டுச் சற்றுத் தாழும். உள்ளே நுண்ணறைகள் திறந்து காற்று வெளியேறுவதுதான். அன்று அது அழகாக மூச்சு விட்டது. அவன் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தான். உதடு நீலமாயிருந்தது. பசிமயக்கம் என்று சொல்லி, வியாபாரிகளை அடுத்த கூடத்துக்கு அழைத்துப்போனேன். திரும்பி வந்தபோது ஆட்கள் அவன் முகத்தையும் மூடித் துணி போர்த்தியிருந்தார்கள்.

என் கட்டிலிலும் அந்த மெத்தைதான். புரண்டால் அது மூச்சு வாங்குகிறது. தரையில் படுத்துப் பார்த்தேன், அங்கேயும் கேட்கிறது. பயமாக இருக்கிறது, ஐயா. தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதுகூட அவள் முதுகுக்குள் அந்த இழுப்பு கேட்டது. இனி எனக்கு இருக்கிறது நீங்கள்தான் என்றாள்.

டாக்டர் கடிதத்தைப் படித்தாயா என்றீர்கள். படித்தேன். மாஸ்க்கைக் கழற்றினால் செத்துப்போவான் என்று தெரியுமா என்றீர்கள். தெரியும். ஆனால் நான் அப்படியொன்றும் கல்நெஞ்சன் இல்லை. அவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை தாங்குவான் என்றுதான் நினைத்தேன்.