சொல்லிக்கொண்டு போனவள்

மக்ரிப் நேரம். பொழுது சாய்கிற வேளை. சுங்காய் டவுனைத் தாண்டி உள்ளே போகிற, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துச் சாலை. விளக்குக் கம்பம் கிடையாது. கடை கிடையாது. போனில் லைன் கிடையாது. செம்பனைக்குள் முதலில் இருட்டுவது தரைதான், தெரியுமா? மேலே வானம் இன்னும் வெளுத்துக் கிடக்கும். கீழே நம் கால் நமக்கே தெரியாது.

சிரிக்காதே சுரேன். கரண்டு போய் எவ்வளவு நேரமாகிறது... உன் வீட்டுப் போர்ச்சில் இத்தனை பேர் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். மழை விடுகிற மாதிரியும் இல்லை. நீ சற்று முன்னால் வாசித்தாயே துருக்கிக் கட்டுரை, அதைவிட இது தேவலாம். பலூன், சூரிய உதயம், மறுபடி பலூன். மாதா மாதம் பயணக் கட்டுரை வாசிக்கக் கூடுகிறோம் என்று பெயர், பாதி நேரம் சூரியன்தான் உதிக்கிறது. பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள் நான். எத்தனை உதயத்துக்கு ஒற்றுப் போட்டிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இது என் கூட்டாளி எல்ஸியின் சித்தி மகளுக்கு நடந்தது. பெயர் கேரன். காலில் சக்கரம் கட்டியவள். ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள், ஆனால் ஈப்போவில் அவளைப் பார்ப்பதுதான் கஷ்டம், வந்தால் எல்ஸி வீட்டில்தான் தங்குவாள். எங்கே போனாலும் தனியாகத்தான் போவாள். அவள் எழுத்தில் சூரியன் வராது, ஆட்கள் வருவார்கள். ஜார்ஜியாவில் ஒரு ரொட்டிக்கடைக்காரி, பெருவில் ஒரு பேருந்து ஓட்டுநர். அவர்கள் வீட்டுக்கே போய், உட்கார்ந்து சாப்பிட்டு, கதை பேசிவிட்டு, கிளம்பும்போது மட்டும் தமிழில் சொல்வாள். போய்ட்டு வாரேன். அவர்களுக்கு என்ன புரியும்? தலையாட்டுவார்கள். அவளுடைய எல்லாக் கட்டுரையும் அந்த இரண்டு சொல்லில்தான் முடியும், திருத்துகிறவள் நான்தானே. படிக்கிறவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதைப் புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பாளர் கேட்டபோது அவளுக்கே ஒரு குறை தோன்றியது. உலகத்தைச் சுற்றியாயிற்று, தாத்தா பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தை ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. அதுதான் கடைசிக் கட்டுரை என்று முடிவு செய்துகொண்டு, மக்ரிப் நேரத்தில், நான் சொன்ன அந்தச் சாலையில் காரை விட்டாள். தனியாக.

ரப்பர் எல்லாம் எப்போதோ போய், எங்கே பார்த்தாலும் செம்பனை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது உள்ளே ஒரு வெளிச்சம் தெரிந்திருக்கிறது. லயத்து வீடுகள், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்தவை. வரிசையாக, எல்லாம் இருட்டாக. கடைசி வீட்டில் மட்டும் விளக்கு. வாசலில் ஒரு பெண். கைலி, முழுக்கைச் சட்டை. ஐம்பது வயதிருக்கலாம். கேரன் காரை நிறுத்தியதும் அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லையாம். உள்ளே வா என்று தலையை மட்டும் அசைத்தாளாம்.

வெளியே பெஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. உள்ளே தரை கழுவிவிட்ட ஈரம். சுவரோரம், தரையில், ஒரு விளக்கு. சாம்பிராணி வாசனை... அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு புளித்த வாடை. கேரன் எதையும் யோசிக்கவில்லை. எந்த நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் கொடுத்ததைக் குடித்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருகிறவள். பால் விடாத தே ஓ வந்தது, குடித்தாள். எங்கெங்கே போயிருக்கிறாய் என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவ்வளவுதான். கேரனை யாராவது அப்படிக் கேட்டால் போதும், வாயை மூடமாட்டாள். அந்தப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். கண்ணைச் சிமிட்டவே இல்லையாம். பனி விழுந்தால் சத்தம் கேட்குமா? கடல் எல்லா ஊரிலும் ஒரே நிறமா? இப்படி ஒவ்வொன்றாக. பிறகு இதைக் கேட்டாள்.

"ஏரப்ளேன்ல சன்னல தொறக்கலாமா?"

முடியாது என்று கேரன் சிரித்தாள். அந்தப் பெண் நம்பவில்லை. சன்னல் இருந்தால் திறக்கத்தானே வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு வைக்கிறார்கள் என்றாளாம். இப்படிக் கதை கேட்கிற ஆள் தன் வாழ்நாளில் கிடைத்ததில்லை என்று கேரனுக்கு ஒரே சந்தோஷம். வெளியே நன்றாக இருட்டிய பிறகுதான் எழுந்தாள். அப்போது அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த வீட்டுலேருந்து யாரும் சொல்லிட்டுப் போனதில்ல."

கேரனுக்கு மனது கரைந்துபோயிற்று. எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டார்கள், இந்த அம்மாவை யாரும் மதிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். "நான் சொல்லிட்டுத்தான் போவேன் அக்கா," என்றாள். "போய்ட்டு வாரேன்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப?"

நில்லுங்கள்... இன்னும் பிடிபடவில்லையா? ஈரத் தரை. வெளியே அடுக்கின பெஞ்சு. தரையில் விளக்கு. எந்த வீட்டிலிருந்து நாம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவோம்? கிறிஸ்தவர்களானாலும் சரி, இந்துக்களானாலும் சரி, சாவு வீட்டில் நின்றுகொண்டு போய்ட்டு வாரேன் என்று யாராவது சொல்வோமா? வாயைத் திறக்காமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிடுவோம். கேரனுக்கும் இது தெரியும். ஆனால் அந்தச் சொல் அவள் வாயில் ஊறிப்போன சொல். வந்துவிட்டது.

எப்ப என்று சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டாள். அந்தத் தோட்டத்துக் கட்டுரையை எழுதவும் இல்லை. அடுத்த வாரமே போர்ச்சுக்கல் போய்விட்டாள். அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரி எழுபது வயதுக் கிழவி. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே அவளுக்குத் தெரியாது. கிளம்புகிற காலை, கேரன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வழக்கம்போலச் சொன்னாள். கிழவி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பிறகு... காதோரமாக, நம் ஊர்த் தமிழில்...

"எப்ப?"

விலகிப் பார்த்தால் கிழவி சிரித்துக்கொண்டே கையாட்டுகிறாள். கேரன் தெருமுனை வரைக்கும் ஓடியிருக்கிறாள். அப்புறம் ரயிலில், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பரிசோதகரும் அதையே கேட்டார். அவரிடம் இவள் ஒன்றுமே சொல்லவில்லை, போய்ட்டு வாரேன் என்றுகூட. அதற்கப்புறம் எந்த ஊரிலும் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கவில்லை. பஸ், ரயில், மறுபடி பஸ். யாரிடமும் பேசவில்லை, யார் வீட்டிலும் சாப்பிடவில்லை. கிளம்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிடுமாம். கோபமாக இல்லை. விவரம் கேட்கிற மாதிரி.

பாதியிலேயே திரும்பி எல்ஸி வீட்டுக்கு வந்தாள். எல்ஸி பெட்டியைத் திறந்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஊறிய சாக்ஸ் நாற்றம், துவைத்தும் போகவில்லை என்று கேரன் சொன்னாள். எல்ஸி பத்து வயது வரைக்கும் தோட்டத்தில் இருந்தவள். அவளுக்குத் தெரியும். ஒட்டுப்பால். மரத்திலும் கோப்பையிலும் உறைந்து, சாக்கில் கட்டி நாள்கணக்கில் கிடக்கிற ரப்பர் பால். ஒரு தடவை மூக்கில் ஏறினால் சாகும்வரை மறக்காது. போர்ச்சுக்கலில் ஏது ஒட்டுப்பால்?

அப்போதுதான் கேரன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் அவள் எங்கேயும் போகவில்லை. ஹாலிலிருந்து குசினி, குசினியிலிருந்து ஹால், ராத்திரி முழுக்க நடை. பெட்டியை அடுக்குவாள், காலையில் பிரித்துப் போடுவாள். பக்கத்துக் கடைக்குப் போகக்கூடப் பயம், கிளம்பும்போது கடைக்காரர் கேட்டுவிட்டால்? சாப்பாடு குறைந்தது. போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. இப்படியே வீட்டுக்குள் கிடந்தால் இந்தப் பெண் நம் கையைவிட்டுப் போய்விடும் என்று எல்ஸி என்னிடம் அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பத்து காஜா டவுனில் ராமையா என்று ஒருவர் இருக்கிறார். அந்தத் தோட்டத்துக்காரர். எல்ஸி போய் அவரிடம் விசாரித்தாள். அந்த லயத்தை இடித்து எத்தனையோ வருஷமாயிற்று என்றார். கடைசி வீட்டைப் பற்றியும் கேட்டாள். மெதுவாகச் சொன்னார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது எல்லாரையும் ஒரே நாளில் காலி செய்யச் சொன்னார்களாம். லோரி வந்து நிற்கிறது, அன்றைக்குப் பார்த்துக் கடைசி வீட்டு அம்மா செத்துப்போனாள். சாவு வீடாயிற்றே, யார் சொல்லிக்கொண்டு கிளம்புவது? அடக்கம் முடிந்த கையோடு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு லோரி ஏறிவிட்டார்கள். அந்த அம்மா பெயர் என்ன என்று எல்ஸி கேட்டாள். பெயர் வேண்டாம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

எல்ஸிக்கு ஒரு யோசனை. சொன்ன சொல் நிற்பதால்தானே தொல்லை? அதை நிறைவேற்றிவிட்டால் தீர்ந்தது. "வாரேன்னு சொன்னேல்ல, போய் நில்லுடி. வந்துட்டேன்னு மனசுல சொல்லு. அப்புறம் வாயத் தொறக்காம வந்து கார்ல ஏறு. என்ன ஆனாலும் வாயத் தொறக்காத," என்றாள். கண்ணாடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மத்தியானமே இரண்டு பேரும் கிளம்பினார்கள். வழியில் நல்ல மழை. போய்ச் சேரும்போது அதே மக்ரிப் நேரம்.

லயம் இல்லை. வீடு இல்லை. செம்பனைக்கு நடுவில் பாசி பிடித்த சிமெண்டுப் படிக்கட்டு மட்டும் நிற்கிறது. ஏறினால் போய்ச்சேர ஒன்றும் இல்லாத படிக்கட்டு. கேரன் அதன் முன்னால் போய் நின்றாள். எல்ஸி காரை அணைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கேரன் திரும்பி வந்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. முன்சீட்டில் ஏறினாள், கதவைச் சாத்தினாள்.

எல்ஸி கியரைப் போடும்போது காரின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி. அப்புறம்... ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பின்சீட்டுச் சன்னல் கண்ணாடி இறங்குகிறது. எல்ஸி எந்தப் பொத்தானையும் தொடவில்லை. ஒட்டுப்பால் வாடை கார் முழுக்க.

"போய்ட்டு வாரேன்."

எல்ஸி கேரனைப் பார்த்தாள். கேரன் வாயிலிருந்து கை எடுக்கவே இல்லை. குரல் பின்னாலிருந்து வந்தது. அதுவும் இவர்களிடம் சொன்ன குரல் இல்லை. முகத்தைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, அந்தப் படிக்கட்டைப் பார்த்துச் சொன்ன குரல். வெளியே யாரும் எப்ப என்று கேட்கவில்லை.

ஈப்போ வரும்வரை எல்ஸி பின்னால் திரும்பவில்லை. சன்னலை ஏற்றவும் கை வரவில்லை. ஹைவே முழுக்க மழைச் சாரல் உள்ளே அடித்தது. வீட்டுக்கு வந்து போர்ச் விளக்கில் பார்த்தால் பின்சீட்டு சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. சன்னலோரம் மட்டும், ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு, காய்ந்திருந்தது.

அன்றோடு அந்தக் கேள்வி நின்றது. கேரன் சாப்பிட்டாள், தூங்கினாள். மறுமாதமே ஐஸ்லாந்துக்குப் போனாள். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்ஸி கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். கட்டுரைகள் பழையபடி எனக்கு வர ஆரம்பித்தன. நானும் நிம்மதியாகத் திருத்த உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்திலேயே இடறியது. நான் போனேன், நான் பார்த்தேன் என்று எழுதுகிறவள், நாங்கள் போனோம், நாங்கள் பார்த்தோம் என்று எழுதியிருந்தாள். அட, கடைசியில் ஒரு ஆளைப் பிடித்துவிட்டாளா என்று போன் போட்டுக் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் என்றுதானே அக்கா எழுதினேன் என்றாள். சரி, கைப்பிழை என்று எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த கட்டுரையிலும் நாங்கள். கடைசியில் போய்ட்டு வாரேன் இல்லை, போய்ட்டு வாரோம். அதையும் மாற்றினேன். நடுவில் ஒரு வரியை மட்டும் என்னால் தொட முடியவில்லை. விமானம் ஏறியதைப் பற்றிய இடம். அப்படியே சொல்கிறேன், மனப்பாடமாகிவிட்டது. 'பணிப்பெண்ணிடம் கேட்டுப் பார்த்தோம். சன்னல் திறக்காதாம்.'

என்ன சுரேன், சிரிப்பைக் காணோம்? ஏதோ கேட்க வாயெடுக்கிறாய், கேள்.

"இத்தனை நாள் சொல்லாம, இன்னைக்கு ஏங்க்கா சொல்றீங்க?"

கேட்டாயா, கேட்க வேண்டிய கேள்வி. ஏனென்றால் மழை விட்டதும் நீங்கள் எல்லாரும் போய்விடுவீர்கள். நான் தனியாக இருக்கிறவள். நாளைக்கு உங்களில் யாராவது ஒருவர் என் வீட்டில் வந்து படுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் இவ்வளவும் சொன்னேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கே வருவதற்கு முன்னால் கேரன் போன் செய்தாள். நாளைக்கு ஈப்போ வாரோம் அக்கா என்றாள். எல்ஸி தன் வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டாளாம், அதனால் ஒரு ராத்திரி என் வீட்டில். என்ன சொல்வது? கூட ஆள் வருகிறதா, இரண்டு பாய் விரிக்கவா என்று விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அந்தப் பக்கம்... யாரிடமோ திரும்பிக் கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு வந்து சொன்னாள்.

"ஒரு பாய் போதுங்க்கா. சன்னல மட்டும் தொறந்து வைங்க."