டீசல்கிட்ட தோத்த வண்டி

...டீசல்கிட்ட சார்! யார்கிட்ட தோத்தோம்ங்கறதுதான் விஷயம். இன்னொரு பெட்ரோல் வண்டிகிட்ட தோத்திருந்தா, ஆபீசுக்கு லீவு போட்டுட்டு இந்த சர்வீஸ் சென்டர்ல வந்து ஏன் உக்காந்திருக்கேன்? நீங்க பேப்பர் படிங்க, பரவால்ல. நான் பாட்டுக்கு சொல்லிட்டிருக்கேன்.

அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கி வச்சிருக்காங்க பாருங்க, செவப்பு... அதான் என்னுது. ரெண்டே கதவு. பின்னாடி சீட்டுன்னு ஒண்ணு இருக்கு, அது சும்மா பேருக்கு. என் மாமியார் ஒரு தடவ ஆசைப்பட்டு உக்காந்தாங்க. இறக்குறதுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. அத விடுங்க. என் மச்சானும் அதே கம்பெனி, அதே ரெண்டு கதவு, ஆனா டீசல். மச்சான்னா என் சம்சாரத்தோட தம்பி. எங்க வீட்டு மாடிலதான் குடியிருக்கான். காலைல ஸ்டார்ட் பண்ணான்னா தெருவே முழிச்சுக்கும். தண்ணி லாரி தோத்துச்சு போங்க. என்னோடதுல பாதி பவர்தான் சார் அதுல. பாதி! நான் சொல்லல, விக்கிறவனே சொல்றான்.

எங்க தெருவுக்குப் பின்னாடி பைபாஸ் போட்டு இன்னும் திறக்காம வச்சிருக்காங்க. பந்தயத்த அங்கதான் வச்சுக்கிட்டோம். எனக்கும் விஷயம் தெரியும் சார். டீசல் கெளம்புறப்போ ஒரு இழுப்பு இழுக்கும். கொஞ்ச தூரம் முன்னாடிதான் போகும். அப்புறம் மூச்சு வாங்கும். பெட்ரோல் அப்படியில்ல, இஞ்சின் சுத்தச் சுத்தத்தான் வேகம் எடுக்கும். சரி, போடா மச்சான், நீ முன்னாடி போ, பின்னாடியே வந்து புடிக்கிறேன்னு விட்டேன். விட்டேனா... அவ்ளோதான். போயிட்டான்! நான் காலை அமுக்குறேன், அமுக்குறேன், தரை வரைக்கும் அமுக்குறேன். வண்டி என்னமோ சாப்பிட்டுட்டு வாக்கிங் போற மாதிரி போகுது. ஸ்கிரீன்ல ஏதோ மஞ்சளா எழுத்து வந்துச்சு. கண்ணாடி போடல. ஓகேன்னு அமுக்கிட்டேன்.

பந்தயம் முடியுற எடத்துல என் சம்சாரம் நின்னு செல்போன்ல வீடியோ எடுத்தா. தம்பி வந்ததும் கை தட்டினா. நான் வந்து சேர்றதுக்குள்ள வீடியோவ முடிச்சு, போனைப் பைக்குள்ள போட்டு, ஜிப்பையும் மூடிட்டா.

இந்த வயசுல எதுக்குப் பந்தயம்னு கேக்குறீங்களா? ...கேக்கலையா? சரி, சொல்றேன். எல்லாம் என் பொண்ணால. பக்கத்து ஊர்ல பல் ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருக்கு. தெனம் ஹைவேல போகணும். இந்த வண்டியத்தான் எடுத்துட்டு ஓட்டிப் பழகிட்டிருந்தா. ஒரு நாள் அழுதுகிட்டே வர்றா. ஹைவேல ஏறுறப்போ வண்டி இழுக்கவே இல்லப்பா, பின்னாடி லாரி மேல வந்துருச்சு, அவர் பிரேக் போட்டதால தப்பிச்சேன்ங்கறா. இவ்ளோ பவர் உள்ள வண்டி இழுக்கலையாம்! கோளாறு வண்டில இல்லம்மா, உன் கால்லன்னேன். வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், இங்கயே ஏதாவது பாத்துக்கோன்னுட்டேன். மச்சான்தான் குறுக்க வந்தான். பாப்பா நல்லா ஓட்டுவா மாமா, உங்க வண்டிதான் சரியில்ல, என் டீசலோட ஓட்டிப் பாப்போம், நான் ஜெயிச்சா அவ வேலைக்குப் போகட்டும்னான். ஜெயிச்சும் தொலைச்சுட்டான்.

நான் விடுவேனா? பந்தயத்துக்கு முன்னாடியே, அவ அழுதுட்டு வந்த அன்னைக்கே அவ சாவியப் புடுங்கி, அன்னைலருந்து என் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு அதுலதான் ஓட்டிட்டிருக்கேன். என் சாவிய பீரோல வச்சுப் பூட்டிட்டேன். எப்படி எடுப்பா? அவ சாவில ரோஸ் கலர்ல ஒரு கரடி பொம்மை தொங்கும் சார். பாக்கெட்டுக்குள்ள முழுசா போகாது, தலை மட்டும் வெளிய எட்டிப் பாக்கும். ஆபீஸ்ல சிரிக்கிறானுங்க. பொண்ணப் பெத்தவன் கவலை அவனுங்களுக்கு என்ன தெரியும்?

நான் மொதல்லருந்தே உஷார் சார். வண்டி வாங்குன அன்னைக்கே ஷோரூம்காரர் சொன்னாரு, ரெண்டாவது சாவிக்கு மட்டும் பவரையும் வேகத்தையும் கொறச்சு வைக்கலாம், அந்த சாவியோட எடுத்தா வண்டி அடக்க ஒடுக்கமா போகும்னு. வச்சுடுங்கன்னேன். பொண்ணுகிட்ட மூச்சு விடல. சம்சாரத்துகிட்டயும் சொல்லல. அவ்ளோ யோசிச்சு செய்யறவன் நான். இப்ப என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங்... இழுக்கல.

இங்க வந்தும் எனக்கு நிம்மதி இல்ல. வண்டில கோளாறுன்னு சொன்னா பொண்ணு சொன்னது சரின்னு ஆயிடும். கோளாறு இல்லன்னு சொன்னா எனக்கு ஓட்டத் தெரியலன்னு ஆயிடும். எப்படிப் பாத்தாலும் அடி எனக்குத்தான்... இருங்க, மெக்கானிக் வர்றாரு.

சொல்லுங்க தம்பி. ...கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்துட்டீங்களா? ...ஒண்ணுமில்லையா? எப்படி ஒண்ணுமில்ல? டீசல்கிட்ட... என்னது? இந்த சாவியா? ஆமா, கரடி என் பொண்ணோடது. இதோடதான் ஓட்டுனேன், எப்பவும் பாக்கெட்லயே... 

ம். 

ம்... இந்த சாவிக்குக் கொறச்சு வைக்கச் சொன்னது நாந்தான். ...இல்ல தம்பி, வேற யாரும் இல்ல. நாந்தான். ...அத எடுக்கறதுக்கு என் சாவி வேணுமா? சரி. வரவழைக்கிறேன்.

...சார். அன்னைக்கு அவளும் காலைத் தரை வரைக்கும்தான் அமுக்கியிருப்பா. பின்னாடி லாரி. அமுக்கி அமுக்கிப் பாத்திருப்பா. எப்படிப் போகும்? நான்ல கட்டிப் போட்டு வச்சிருக்கேன். அந்த லாரிக்காரர் மட்டும் பிரேக் போடலன்னா... பதறுது சார். அவர் யாரோ எவரோ, நல்லாருக்கணும். நான் என்னடான்னா உன் காலு சரியில்லங்கறேன். அதையும் சாப்பிடுற நேரத்துல, எல்லார் முன்னாடியும்.

ஹலோ... பாப்பா. அம்மாகிட்ட பீரோ சாவி வாங்கி, உள்ள என் வண்டி சாவி இருக்கும், எடுத்துட்டு வாம்மா. ...ஆமா, நீதான். மாமா வண்டிய எடுத்துக்கோ. ...கோவமெல்லாம் இல்ல. ...கண்டுபுடிச்சுட்டாங்க. ...வண்டில இல்லம்மா. ...உன் கால்லயும் இல்ல. ...வா, நேர்ல சொல்றேன்.

வந்துருவா சார். வீடு பின்னாடி தெருதான். அதுவும் அந்த டீசல்ல வர்றா, சீக்கிரமே வந்துருவா, அதான் பிரச்சனை. சார், ஒரே ஒரு ஒத்தாசை. அவ வர்ற வரைக்கும் இப்படியே பக்கத்துல இருங்க. வெளியாள் ஒருத்தர் இருந்தா கொஞ்சம் மெதுவா திட்டுவா. நீங்க ஒண்ணும் பேச வேணாம், இவ்ளோ நேரம் இருந்தீங்கல்ல, அது மாதிரி... என்ன சார், எழுந்துட்டீங்க? உங்க டோக்கன் இன்னும் கூப்பிடலையே! சார்... பேப்பர விட்டுட்டுப் போறீங்க...

சார், வெளிய கேக்குதே... அது டீசல் சத்தம்தானே?