ஆறாவது மெழுகுவர்த்தி எதற்கு

பெயர் வாசிக்க ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. அது என் பழக்கம். கன்னியாகுமரிக் கடற்கரையில் எங்கள் பங்குக் கோயிலில், கல்லறைத் திருநாளன்று, அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை நான்தான் வாசிப்பேன். யாராவது தேம்பினாலும், கைக்குழந்தை வீறிட்டாலும் தலை நிமிர மாட்டேன். நிறுத்தினால், எந்தப் பெயரில் நிறுத்தினோமோ அந்த வீட்டார் மனம் கோணிப்போகும். அதேபோல, வீட்டார் எழுதிக் கொடுத்த பெயர்களைத்தான் வாசிப்பேன். கொடுக்காவிட்டால், பக்கத்து வீட்டுக்காரனே ஆனாலும் அவன் பெயர் என் வாயில் வராது.

அதனால்தான், அன்பரசன் தம்பி, சங்கத்துக்குப் புதுச் செயலாளராக வந்த கையோடு இந்த வருஷ அஞ்சலிப் பட்டியலை எடுத்துக்கொண்டு நீங்கள் துபாய் கராமாவில் என் அறையைத் தேடி வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. பொறுப்பான ஆள். டீயை ஆறவிடாதீர்கள். செத்தது ஆறு பேர், பட்டியலில் ஐந்துதானே இருக்கிறது, ஆறாவது ஆள் யார் என்று கேட்டீர்கள். இரண்டு வருஷத்தில் இப்படி நேராக என்னிடம் கேட்ட முதல் மனுஷன் நீங்கள். கேட்ட பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? சொல்கிறேன்.

2005 ஜூலையில் நான் அல் குசைஸில் ஒரு தொழிலாளர் விடுதிக்குக் கேம்ப் பாஸ். நூற்று நாற்பத்திரண்டு பேர் என் பொறுப்பு. விடிந்ததும் பஸ் பக்கத்தில் நின்று ரெஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் வாசித்து ஏற்றிவிடுவேன். நைட் டியூட்டிக்காரர்கள் பகலில் தூங்குவார்கள். அன்று காலை பத்தரை மணிக்கு மாடி அறை ஒன்றில் ஏசி ஒயர் கருகித் தீப்பிடித்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஐந்து பேர் புகையிலேயே முடிந்துபோனார்கள். அவர்கள் ஐந்து பேர் பெயரும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். 

ஆறாவது உடல் கீழே, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோரில் கிடந்தது. அரிசி மூட்டைக்கும் கதவுக்கும் நடுவில். மாடித் தீயின் புகை குழாய்ப் பொந்து வழியாக அங்கே இறங்கியிருந்தது. போலீஸ் என்னைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டினார்கள். மாஃபி மாலூம், தெரியாது என்றேன். ரெஜிஸ்டரைப் புரட்டினார்கள், அந்த முகத்துக்கு அதில் பெயர் இல்லை. யாரோ வெளியாள், திருட நுழைந்திருப்பான் என்று எழுதிக்கொண்டார்கள். பெயர் தெரியாதவனாகவே இங்கேயே எங்கேயோ அடக்கம் செய்துவிட்டார்கள்.

முப்பதாம் நாள் அஞ்சலிக்கு இதே கராமாவில் ஓட்டல் மாடியில் கமிட்டி கூடியது. கீழக்கரை நர்ஸ் ஹபீபுன்னிசா இருக்கிறாரே, நல்ல மனசு அவருக்கு. "பேரு தெரியாட்டி என்னண்ணே, அதுவும் ஒரு தாய் பெத்த உசுருதானே. ஆறாவதா ஒரு மெழுகுவத்தி வைப்போமே" என்றார். ஏழெட்டுப் பேர் தலையாட்டினார்கள்.

நான் குரலை உயர்த்தவில்லை. "வைக்கலாம் தாயீ. ஸ்டோருக்குள்ள அடுப்பு ஒண்ணு கிடந்துதுன்னு சொல்லுதாவ. எனக்குத் தெரியாது. அந்த அஞ்சு பேரு வீட்டுலயும் நாளைக்குக் கேட்டா யாரு பதில் சொல்லதுன்னுதான் யோசிக்கேன்" என்றேன். அவ்வளவுதான். அடுப்பு கிடந்தது உண்மை. சமையலறை ஸ்டோரில் பழைய அடுப்பு கிடக்காமல் என்ன கிடக்கும்? திருட வந்தவன்தான் தீ வைத்தான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தம்பி. மற்றவர்கள் அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். கூட்டம் முடிவதற்குள் அவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டார்கள். ஐந்து மெழுகுவர்த்தி போதும் என்று ஹபீபுன்னிசாவே எழுதிக்கொண்டார்.

அவன் பெயர் கார்மேகம். ராமநாதபுரம் பக்கம், கமுதிக்குத் தெற்கே ஒரு ஊர். விசா எடுத்துக் கொடுத்த முதலாளி, அந்தக் கஃபீலிடம் அடி தாங்காமல் ஓடிவந்தவன். விசா இல்லை, கார்டு இல்லை. இங்கே அந்த மாதிரி ஆட்களைக் கல்லிவல்லி என்போம் அல்லவா, அதுதான். எங்கள் கேம்பில் இருந்த அழகுமலை அவனுக்கு ஊர்க்காரன். அவன்தான் கூட்டிவந்து என் காலில் விழாத குறையாகக் கேட்டான். பாவம் என்று சேர்த்துக்கொண்டேன். நான்கு மாதம் சமையலறையில் கிடந்தான். எங்கள் ஊர்ப் பக்குவத்தில் தேங்காய் அரைத்துச் சாளை மீன் குழம்பு வைக்க நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். அவன் போனதிலிருந்து எனக்கு அந்தக் குழம்பு அமையவே இல்லை.

முகத்தைப் பார்த்த உடனே தெரிந்துதான் தெரியாது என்றேன். அதைத்தானே கேட்க நினைக்கிறீர்கள்? ஆமாம்.

தீ நடந்த அன்று அழகுமலை சைட்டில் இருந்தான். சாயங்காலம் வந்து, "அண்ணே, கார்மேகம் எங்கண்ணே?" என்றான். காலையிலேயே ஷார்ஜாவுக்குப் போய்விட்டான் என்றேன்; கேட்ட மற்றவர்களிடமும் அதையேதான் சொன்னேன். அவன் நம்பவில்லை. கமிட்டி கூடிய பிறகு என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நான் போலீசுக்கெல்லாம் போகலண்ணே. அவன் பேரை மட்டும் வாசிச்சிருங்க. நாகவள்ளி ஒரு மாசமா பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்கு. புருசன் இருக்கானா செத்தானான்னு தெரியாம அது என்னண்ணே பண்ணும்?"

"லே, அவனைக் கேம்புக்குள்ள கூட்டிட்டு வந்தது யாரு?" என்று கேட்டேன். சாந்தமாகத்தான். "பேரை வாசிச்சா, யாரு இவன், எப்பிடி உள்ள வந்தான்னு மொதல்ல ஒன்னையத்தான் கேப்பாவ. ஒனக்கும் ரெண்டு பிள்ளைய உண்டும்லா?" அவன் எழுந்து போய்விட்டான். பையனுக்குப் புத்தி உண்டு.

அஞ்சலிக்கு நல்ல கூட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம், மாடி கொள்ளவில்லை. ஐந்து படம், ஐந்து மாலை, ஐந்து மெழுகுவர்த்தி. மைக் என்னிடம். அழகுமலை மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தான். மொபைலை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தான், ஸ்பீக்கரில் போட்டு. எனக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அந்தப் பக்கம் நாகவள்ளி காத்திருக்கிறாள். என் மனசு மாறும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான், மடையன்.

நான் வாசித்தேன். ஊர், மாவட்டம், தகப்பன் பெயர் உட்பட ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். அவளுக்கும் தெளிவாகக் கேட்கட்டும் என்றுதான் அப்படி வாசித்தேன். ஐந்து முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷம் மௌனம் என்றேன். இருநூறு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். அந்த மௌனத்தில் அந்த மொபைலிலிருந்து ஒரு குரல் வந்தது. ரொம்பச் சின்னக் குரல்.

"அண்ணே... அவுக பேரு இன்னும் வரலியே. இனிமேத்தான் வாசிப்பாகளா?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் மைக்கைக் கிட்டே இழுத்து, "யாரோட போன் அது? ஆஃப் பண்ணுங்க. செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்றேன். அழகுமலை ஆஃப் பண்ணினான். இரண்டு தடவை பட்டனைத் தவறவிட்டான். பிறகு மௌனத்தை முதலிலிருந்து தொடங்கி, முழு ஒரு நிமிஷம் நிற்க வைத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

அவள் இன்னும் பொட்டோடுதான் இருக்கிறாளாம். யாரோ பிலிப்பைன்காரியோடு போய்விட்டான் என்று ஊரில் பேச்சு. பேசட்டுமே. அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் தாலி அறுத்தார்கள். இவளை நான் அறுக்க விடவில்லை. நின்று யோசித்தால் இதுவும் ஒரு உபகாரம் என்று உங்களுக்கே படும். இப்போது பொதுமன்னிப்பு அறிவித்திருக்கிறார்கள்; கல்லிவல்லிகள் எல்லாம் அபராதமில்லாமல் ஊருக்குப் போகிறார்கள். உயிரோடிருந்தால் அவனும் வரிசையில் நின்றிருப்பான். அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

டீ ஆறிவிட்டது பார்த்தீர்களா. வேறு சொல்லட்டுமா? வேண்டாமா, சரி.

ஸ்டோருக்குள் ஏன் போனான் என்கிறீர்கள். அவன் போகவில்லை, நான்தான் வைத்தேன். லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஆபீசிலிருந்து போன் வந்தால், கல்லிவல்லி ஆட்களை ஸ்டோரில் விட்டு வெளியே பூட்டிவிடுவது எங்கள் வழக்கம். எல்லாக் கேம்பிலும் உண்டு. அரைமணி நேரம், இன்ஸ்பெக்டர் போனதும் திறந்துவிடுவேன். அன்றைக்கு இருந்தது கார்மேகம் ஒருத்தன்தான். "வெந்நி கொதிக்குதுண்ணே, சீக்கிரம் வந்து தொறந்துவிடுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான். சாவி என் இடுப்பில்.

இன்ஸ்பெக்டர் கேட்டுக்குள் வந்து கால்மணி ஆகியிருக்காது, மேலே புகை. இருந்த எல்லோரையும் முற்றத்துக்கு இறக்கினோம். யார் வெளியே வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரிய வேண்டாமா? இன்ஸ்பெக்டர் ரெஜிஸ்டரை என் கையில் கொடுத்து, யல்லா, வாசி என்றார். சமையலறைச் சுவரோரம் நின்று வாசித்தேன். சைட்டுக்குப் போனவர்களைத் தள்ளி, அறுபத்தெட்டுப் பெயர். பன்னிரண்டாவது பெயரிலேயே ஸ்டோர்க் கதவு தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. முற்றத்தில் கூச்சலும் அழுகையுமாக இருந்ததால் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. கதவுக்கு ஆறடியில் நின்றிருந்தவன் நான்.

திறந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இன்ஸ்பெக்டர் கண்ணெதிரே கார்டு இல்லாத ஆள் வெளியே வருவான். கேம்புக்குச் சீல் வைப்பார்கள். நூற்று நாற்பத்திரண்டு பேர் நடுத்தெருவில். எனக்கு வேலை போகும், ஜெயில். என் மகள் ஜினி அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். ஒருத்தனுக்காக இத்தனை பேரா? நியாயமா, சொல்லுங்கள்.

வாசித்து முடித்தேன். ஐந்து பேர் பதில் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டு கேட்டுப் பக்கம் ஓடினார். நான் ஸ்டோருக்குப் போனேன். தட்டுவது நின்றிருந்தது. பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். கதவைத் திறக்கவில்லை. பூட்டு இல்லாமல் இருந்தால்தானே திருட வந்தவன் என்று ஆகும்.

எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த வருஷம் ஆறாவது பெயரையும் சேர்ப்பதாக இருந்தால் சேருங்கள், நானே வாசிக்கிறேன். எனக்கு அவன் மேல் ஒரு வன்மமும் கிடையாது. கடைசி வரைக்கும் அவனும் என் மேல் நம்பிக்கையாகத்தான் இருந்தான். யாரையும் திட்டவில்லை, வேறு யாரையும் கூப்பிடவும் இல்லை. "செல்வநாயகம் அண்ணே, செல்வநாயகம் அண்ணே" என்று என் பெயரைத்தான் முழுசாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். நாற்பதாவது பெயர் வரைக்கும் கேட்டது. ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறீர்களா? அதைத்தானே முதலிலேயே சொன்னேன், பெயர் வாசிக்கும்போது நான் நடுவில் நிறுத்துவதில்லை.