தள்ளிப்போன மொட்டை

ஒட்டுக்கேட்கும் புத்தியால் இறங்கவேண்டிய புத்தூரைக் கோட்டைவிட்டவன் நான். திருப்பதி பஸ்ஸில் முன்சீட்டில் நகரி விசைத்தறிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர், மனைவி, மொட்டைக்குப் போகும் குழந்தை.

“கரண்ட் போய் வந்தா டிசைன் ஃபோல்டர் காணோம்னு கூப்புடுவாங்க. மூணு வாட்டி பாதி வழியில திரும்பிட்டோம்,” என்றாள் மனைவி.

“இனிமே ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் நான் போய் ஃபோல்டர மாட்டத் தேவயில்லமே. கம்ப்யூட்டர தொறந்தா சர்வர்லேர்ந்து தானா மாட்டிக்கும்.”

போன் அடித்தது. மனைவி முறைத்தாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“கரண்ட் போய் வந்துச்சாம். ஃபோல்டர் தானா வந்துடுச்சாம். சாமி கும்பிட்டுக்கினு பொறுமையா வான்றாரு மொதலாளி.”

“அப்ப காளஹஸ்தியும் போய்க்கினு வரலாம்,” என்றாள்.

எங்கள் ஆபீசிலும் இதே தொல்லை. எப்படிச் செய்தீர்கள் என்று குனிந்து கேட்டேன்.

“லீவுல கீறேன் சார்.”