பெரணிக்கு இனிமே யார் தண்ணி ஊத்துறது?

— ஐயோ தம்பி, நடுவுல ஊத்தாதே! குருத்து அழுகிரும்னு இப்பத்தானே சொன்னேன்?

— செடின்னா தண்ணி ஊத்தணும், ஊத்துனேன். அதுக்கு ஏன் அண்ணி இந்தக் கத்து கத்துறீங்க?

— சுத்தி மண்ணுல ஊத்து. இது பெரணி. நீ ஓட்டுற பஸ்ஸா என்ன, ரேடியேட்டர் மூடியத் தெறந்து கொட்டுறதுக்கு?

— பஸ்ஸே தேவலை. ஏதாவது கோளாறுன்னா சத்தமாவது போடும். இது பேசாம நின்னுக்கிட்டே கருகிப்போகுது.

— கருகாது. கருக விடாம பாத்துக்கணும், அதான்... சரி, அந்த இலையைத் திருப்பு. அடியில பழுப்பா புள்ளி புள்ளியா இருக்கா?

— இருக்கு. பூச்சிதானே? போன வாரமே ரெண்டு இலைய நல்லா சுரண்டி விட்டேன்.

— சுரண்டினியா! அடப்பாவி... அது பூச்சி இல்லடா! இதுக்குப் பூவும் கிடையாது, காயும் கிடையாது. அந்தப் பொடி விழுந்துதான் குட்டி வரணும்.

— ...அப்போ ஒரு வம்சத்தையே அழிச்சிட்டேனா?

— சிரிக்காதே. ஓடைக்கரையில ரோடு போட வந்தப்ப, புல்டோசர்காரன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடித் தோண்டிட்டு வந்தது இதெல்லாம். அங்க இப்போ ஒரு செடி இல்ல. இந்த மூலை நாலு நாள் கேக்க ஆளில்லாம கிடந்துச்சுன்னு வை, யாராவது வந்து மிளகாய் நட்டுட்டுப் போயிருவாங்க. பொதுத் தோட்டம்னா அப்படித்தான்.

— கேக்க ஏன் ஆளில்லாம போகுது? நீங்கதான் தெனமும் வர்றீங்களே.

— ...இளசு சுருண்டுக்கிட்டு வருது பாரு, அதைக் கையால விரிச்சு விடாதே. தானா விரியும்.

— அண்ணி, நான் ஒண்ணு கேட்டேன்.

— வெயில் காலத்துல ரெண்டு வேளையும் லேசாத் தெளிச்சு விடணும், அப்புறம் இந்த நிழல்வலை கிழிஞ்சா உடனே...

— அண்ணி! பூவாளிய முதல்ல கீழ வைங்க. வந்ததுலேருந்து ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குறீங்க.

— நீ மட்டும் என்னவாம்? கேட்டையே எட்டி எட்டிப் பாக்குற, போனை எடுக்குற, வைக்கிற... யாரு வர்றா?

— யாரும் வரல. டிப்போவுலேருந்து கூப்பிடுவாங்களோன்னு...

— இன்னிக்கு உனக்கு லீவு.

— அட, ஆமால்ல... ஏன் அண்ணி, கண்ணாடிக் கடை வேலைய விட்டுட்டீங்களாமே?

— யாரு சொன்னா?

— என் கண்ணாடி லூசாயிருச்சுன்னு போனேன். "அக்கா நேத்தோட நின்னுட்டாங்களே"ன்னு அந்தப் பொண்ணு என்னையே விசாரிக்குது.

— ...சொல்லணும்னுதான் இருந்தேன்.

— எனக்கா, பெரணிக்கா?

— கிண்டல் பண்ணாதே தம்பி.

— சரி, பண்ணல. சொல்லுங்க.

— உங்கண்ணன் தவறிப் போனதும் எங்க வீட்டுலேருந்து வந்து கூப்பிட்டாங்க. நான் போகல. அத்தை என்னை மருமகளாவா நடத்துனாங்க? நான் சாப்பிடாம அவங்க கை நனைச்சதில்ல. அவங்க முன்னாடி போய் நின்னு, இதை எந்த வாயால...

— எதை?

— இங்க தோட்டத்து மோட்டாரை ரிப்பேர் பண்ண ஒருத்தர் வருவாரே...

— வழுக்கையா?

— வழுக்கை இல்ல! நெத்தி கொஞ்சம் ஏறியிருக்கு.

— அடேங்கப்பா!

— அவரு வேற ஊர்ல பட்டறை எடுத்திருக்காரு. என்னையும்... கூட வர்றியான்னு கேட்டாரு. திட்டுறதா இருந்தா இங்கயே திட்டிரு தம்பி. வீட்டுல வேணாம்.

— நல்லா ஓடுற மோட்டாரை அந்த மனுஷன் வாரா வாரம் வந்து கழட்டி மாட்டுறாரு. இங்க காய்க்கிற கத்தரிக்காய்க்குக் கூட விஷயம் தெரியும் அண்ணி.

— உனக்குத் தெரியுமா?... கோவமே வரலையா?

— வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் போட்டோவைப் பாக்குறப்பல்லாம் வந்துச்சு. உங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாம திரிஞ்சேனே, ஞாபகம் இருக்கா?

— பல்வலின்னியே!

— பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் ஸ்டாப்புல வண்டிய நிறுத்திட்டுப் பாக்குறேன், நீங்க ரெண்டு பேரும் ரோட்டோரமா நடந்து போறீங்க. அவரு என்னமோ சொன்னாரு, நீங்க சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பைப் பாத்து எத்தனை வருஷமாச்சு... பின்னாடி இருக்கிறவன் ஆரன் அடிக்கிறான், உள்ள கண்டக்டர் கத்துறாரு, எனக்கு வண்டிய எடுக்க மனசே வரல.

— தம்பி...

— அழாதீங்க. அப்புறம் நானும் அழுவேன், பாக்க நல்லா இருக்காது.

— அத்தைகிட்ட எப்படிச் சொல்றது? இடிஞ்சு போயிருவாங்க. நீதான் பக்குவமா...

— அதுல ஒரு சிக்கல் இருக்கு.

— என்ன?

— அம்மாகிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேன்.

— ஐயய்யோ!

— அன்னிக்குப் பூரா அண்ணன் சட்டைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மறுநாள் காலையில என்னை எழுப்பி, "பையன் எப்படி? குடிப்பானா?"ன்னு கேட்டாங்க.

— பையனா! அந்த மனுஷனுக்கு நரையே விழுந்திருச்சு...

— இப்போ கேட்டுக்கு வெளியே கார்ல இருக்காங்க. பக்கத்துல அவரு. அவரோட இந்த ஊர்ப் பட்டறைக்குப் போய் நான்தான் ஏத்திட்டு வந்தேன். பாவம், வேர்த்து ஊத்துது.

— வெளியேவா? ரெண்டு பேருமா? இவ்வளவு நேரமாவா?

— நீங்களா வாயத் தொறக்கட்டும்னுதானே இந்த இலைய எல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னேன்! அம்மா போன் மேல போன். கல்யாணத்தை அவங்கதான் முன்ன நின்னு நடத்துவாங்களாம், தேதி என்னன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. என்ன அண்ணி, சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தா முகம் வெளிறிப் போகுது? தேதி சொல்லுங்க.

— ஓடு தம்பி... அவரு உளறுறதுக்குள்ள நீ போய் அத்தை காலைப் பிடிச்சுக்கோ, நான் பின்னாலயே வர்றேன். போன வெள்ளிக்கிழமையே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் முடிஞ்சிருச்சு.