ஏழாம் நம்பர்

— வச்சிட்டீங்களா இல்லையா?

— வச்சா உன்னோட எப்பிடிக் கதைக்கிறது, றொசா?

— பகிடி வேணாம். போன் திருத்துற றிகாஸ் தம்பி இஞ்ச ரிசெப்ஷன்ல என்ர பக்கத்தில நிக்கிறார். கந்தோர்ல பன்ரண்டு போனும் சார்ஜர்ல ஏறிட்டுது. மேல ஸ்டோர்ல உங்கட ஏழாம் நம்பர்தான் மிச்சம்.

— என்ன செய்யப்போறாராம்?

— உள்ளுக்கு இருக்கிற சொஃப்ட்வெயாரை மாத்துறார். வயர் இல்லாமலே மூண்டாம் மாடி வரைக்கும் வருமாம். அரை மணித்தியாலம் எடுக்கும். நடுவில தூக்கினா போன் செத்திடும். போன தரம் தூக்கினது ஆரெண்டு ஞாபகம் இருக்கோ?

— அதை முதலாளியே மறந்திட்டார். நீ மட்டும் விடமாட்டாய்.

— அதுதான் சொல்லுறன். நானே படியேறி வந்து சொல்லுமட்டும் தொடக்கூடாது.

— மணி அடிச்சாலும்?

— அடிச்சாலும். றிகாஸ் சோதிச்சுப் பாக்கிறதா இருக்கும். உங்கட கைபோனும் அந்த இரும்புச் சாமானுக்குள்ள வேலை செய்யாதே. தனியா இருப்பீங்க, என்ன?

— அரை மணித்தியாலம் உன்ர சத்தம் இல்லாம இருக்கிறதும் சுகம்தான். சந்தலூசியா கோயில் மேல ஆணை, தொடமாட்டன். பகலுக்கு என்ன?

— கணவாய்க் கறி. பன்ரண்டுக்குக் கொண்டு வாறன்.

— அப்ப வைக்கிறன்.

*

— றொசானா அக்கா, இந்த வருஷம் எல்லாம் கெதியா முடிஞ்சிரும் போல. பன்ரண்டு போன் வந்திட்டு. ஏழு எங்க?

— என்ர மேசை லாச்சிக்குள்ள, சார்ஜரோட. அது வேணாம் தம்பி, விட்டிடுங்க.

— உட ஏலாக்கா. மெயின் பெட்டி புதுசானா பழைய போன் அதோட பேசாது. அப்பிடிப் போனெல்லாம் கழட்டி எடுத்துப் போகச் சொல்லி முதலாளி சொல்லீக்கார்.

— மாத்தினா உள்ளுக்கு இருக்கிறது அழியுமா?

— சிலதுல அழியும், சிலதுல நிக்கும். சத்தியம் பண்ண ஏலா. என்ன ஈக்கி அதுல?

— ஒண்டுமில்ல.

— அக்கா, ஒண்டு சொல்லணும். ஒரு வருஷமா நெஞ்சுல கெடக்குது. அண்டைக்கி செபஸ்தியன் அண்ணன் மேல ஸ்டோர்ல நெஞ்சப் புடிச்சிட்டு உழுந்த நேரம், போனத் தூக்க உடாம வெச்சது நான். ஒங்கட மூஞ்சப் பாக்க ஏலாமத்தான் அண்ணன அடக்கம் பண்ணச் சேமக்காலைக்கும் வரல்ல.

— மாதம்பிட்டிக்கு நீங்க வரேல்லையெண்டு எனக்குக் கோவம்தான்.

— கோவிக்கத்தான் வேணும்.

— அதுக்கில்ல. உங்கட வேலை அண்டைக்கு எத்தனை மணிக்கு முடிஞ்சது?

— பதினொண்டுக்கு. இனித் தூக்கலாமெண்டு ஒங்களுட்டச் சொல்லிட்டுத்தானே போன.

— ஓம், சொன்னீங்க. கீழ எல்லாருக்கும் நான் சொன்னனான். இந்தாங்க, ஏழை எடுத்துப் பாருங்க.

— ஒரு மிஸ்ட் கோல். போன வருஷத் திகதி. பதினொண்டு நாலு. ஒண்டாம் நம்பர்லேந்து... அது ஒங்கட மேசையல்லவா?

— எனக்கு முழங்கால் நோ. மூண்டு மாடி. எப்பிடியும் பன்ரண்டுக்குச் சாப்பாட்டோட போறன்தானே எண்டு, போகாமல் மணி அடிச்சனான். எடுக்கேல்ல. பாரேன், என்ர மனுசன் சொன்ன சொல்லுக் கேக்கிறார் எண்டு பக்கத்து மேசை டில்ஷானிக்குச் சொல்லிச் சிரிச்சனான்.

— யா அல்லாஹ்.

— பதினொண்டரை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் எண்டு டொக்டர் சொன்னார். நான் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நீங்க சுமந்தது உங்கடையில்ல, தம்பி.

— இந்தப் போன் பழுதெண்டு எழுதி உடட்டா அக்கா? ஒங்களுட்டயே ஈக்கட்டும்.

— வேணாம். புதுசைப் போடுங்க.

— அழிஞ்சா?

— அழியட்டும். ஒவ்வொரு நாளும் காலமையில லாச்சியைத் திறந்து பாக்கிறன், வீட்ட போக முதலும் பாக்கிறன். களைச்சிட்டன்.

— அப்ப போடுறன். கை வெச்சிராதீங்க.

— எனக்கா சொல்லுறீங்க?

— ...முடிஞ்சிட்டு அக்கா. பச்ச லைட் வந்திட்டு.

— போயிட்டுதா?

— இல்லக்கா. நிக்கிது. ஒரு மிஸ்ட் கோல், பதினொண்டு நாலு.