வெந்நீர் ஊத்துத் தங்கம்

உருக்க மாட்டேன்னு சொன்னா எப்படி பத்தரண்ணே? காலையில மாப்பிள்ள வீட்டுக்குத் தாலிக்குப் பொன்னுருக்கப் போயி, கரியெல்லாம் மூட்டிட்டு, அவரோட பெரியப்பா கந்தப்பு ஒரு வார்த்த சொன்னதும் பெட்டிய மூடிட்டு வந்துட்டீங்களாமே. நல்ல நேரத்துல பாதியில எழுந்து வர்ற பத்தர இப்பத்தான் பாக்குறேன்.

இல்ல, உட்கார மாட்டேன். தண்ணியும் வேணாம்.

விஷத்துல கழுவுன தங்கம்னா சொன்னாரு பெரியப்பா? அப்ப உங்க கண்ணாடிப் பெட்டியில தொங்குதே, அதெல்லாம் பால்ல கழுவுனதா? கல்லுல இருக்கற தங்கத்த எடுக்க முக்கால்வாசி எடத்துல சயனைட் தண்ணிதான். பத்தருக்கு இது தெரியாதா? கொஞ்சம் நியாயமா பேசுங்க லா.

என் கையில இருக்கற இந்தத் தங்கக் காசு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க. அமெரிக்காவுல நெவாடா. கல்ல ஒடச்சு மேடா குவிச்சு, மேல அந்தத் தண்ணிய சொட்டு சொட்டா விடுவாங்க. தங்கம் கரைஞ்சு கீழ வரும். பனிக்காலத்துல எல்லாம் வெறச்சுப் போயி, வர்றது கொறஞ்சிடும். பக்கத்துலயே பூமிக்குள்ளேருந்து கொதிக்கக் கொதிக்க ஊத்துத் தண்ணி சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சூட்டக் குழாய் வழியா இந்த சயனைட் தண்ணிக்கு ஏத்துனோம். ரெண்டு தண்ணியும் கலக்காது. பால் பாத்திரத்த வெந்நீர்ல வெச்சு சூடாக்குவோம்ல, அந்தக் கததான். பனி கொட்டுறப்பயும் தங்கம் வந்துச்சு. தவுக்கே, அதான் சுரங்க முதலாளி, சந்தோஷத்துல அந்தத் தங்கத்துலயே காசு அடிச்சு, வேலை செஞ்சவங்களுக்குக் குடுத்தாரு.

யாருக்கா? எனக்குத்தான். அந்தக் குழாய் வேலைக்கு என்ஜினியர் நான்தான். கை வெடிச்சு ரத்தம் வர்ற குளிர்ல நின்னு சம்பாதிச்சது.

மாப்பிள்ளையோட அக்கா இல்லண்ணே. பொண்ணே நான்தான். தெரியும், பொன்னுருக்கற எடத்துக்கே பொண்ணு வரக் கூடாது. மாப்பிள்ள அம்பிகைபாகன் எனக்குப் போன் பண்ணி, யோகம், வேற தங்கம் வாங்கிக்கலாம், பெரியப்பாகிட்ட சண்டை வேணாம்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். நேரா அவங்க வீட்டுக்குப் போயி, தட்டுல கெடந்த காச எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

பெரியப்பா கையில போட்டிருக்காரே மோதிரம், அது நீங்க செஞ்சதுதான? அதுவும் விஷம், கழட்டுங்கன்னு சொன்னீங்களா? சொல்ல மாட்டீங்க.

தங்கத்துல ஒரு குத்தமும் இல்லண்ணே. இது எனக்கு ரெண்டாவது தாலி. முதல் வீட்டுக்காரரு சுங்கை பாக்காப் ரோட்டுல லோரி அடிச்சுப் போயிட்டாரு, கல்யாணமாகி வருஷம்கூட திரும்பல. அதுக்கப்புறந்தான் நான் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனேன். தாலி அறுத்தவளுக்கு மறுபடி தாலியான்னு நேரா கேக்க பெரியவருக்கு வாய் வரல, தங்கத்து மேல பழிய போட்டாரு.

என்ன, கைய பின்னால இழுக்குறீங்க? இப்பதான காச வாங்க நீட்டுனீங்க?

சரி, நீங்க தொட வேணாம். அடுப்ப மூட்டி, தங்கம் உருக்கற மூசைய வைங்க. காச நானே போடுறேன்.